பை கொண்டு வருபவருக்கு நாம் என்ன தருகிறோம்?



வீட்டில் சேரும் குப்பையைக் குறைப்பது எப்படி, மின்சாரத்தைச் சிக்கனம் செய்வது எப்படி என்று பேச்சு வந்தால் எல்லோரும் இல்லத்தரசிகளுக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், விளக்கை அணையுங்கள், குப்பையைத் தரம் பிரித்துக் கொடுங்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் குப்பை வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது நம் கடை வழியாகத்தான் வருகிறது. ஒரு வீட்டின் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தால், காய்கறித் தோலும் மீந்த சோறும் போக மற்றதெல்லாம் நாம் போட்டுக் கொடுத்த கவர், நாம் விற்ற பாக்கெட்டின் உறை, நாம் சுற்றிய ரப்பர் பேண்ட். அந்த வீட்டில் எரியும் பல்பும் ஓடும் மின்விசிறியும்கூட நம்மில் ஒருவர் விற்றவையே.

ஆகவே இந்த விஷயத்தில் முதல் பங்கு வணிகர்களுக்கு என்பது என் கருத்து. இப்படிச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குக் கோபம் வரும். "வரி, உரிமம், சோதனை, அபராதம் என்று ஏற்கெனவே நொந்து கிடக்கிறோம், இதையும் நம் தலையில் கட்டுவதா?" என்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால் இதைச் சுமையாக நினைத்து நான் சொல்லவில்லை. இதில் நமக்குப் பணமும் இருக்கிறது, வாடிக்கையாளரைத் தக்க வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதம் தடை அறிவித்து, அது 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை மைக்ரானுக்குமேல் இருந்தால் செல்லும் என்ற பேச்சே அதில் இல்லை. எந்தத் தடிமனில் இருந்தாலும் கேரி பேக் கூடாது. அன்றைக்கு வணிகர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே அடைத்து அனுப்பும் பாக்கெட்டுக்கு விலக்கு, தெருக்கடைக்காரன் கொடுக்கும் கவருக்குத் தடையா என்பதே அது. அந்தக் கேள்வியை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஷாம்பு சாஷேவும் சிப்ஸ் உறையும் பழைய பேப்பர்காரர்கூட வாங்காத சரக்கு. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்து உருக்கவும் வழியில்லை. அதைத் தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, அதைத் தொடர்ந்து கேட்போம்.

ஆனால் அந்தக் கேள்வியையே சாக்காக வைத்துக்கொண்டு நம் பங்கை நாம் விட்டுவிட்டோம் என்பதும் உண்மை. தடை வந்த முதல் சில மாதங்கள் வாடிக்கையாளர்கள் துணிப்பையும் தூக்குவாளியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இறைச்சிக் கடைக்குப் பாத்திரம் வந்தது, ஓட்டலுக்கு டிபன் கேரியர் வந்தது. 2019 ஜூன் மாதம் அபராத விகிதமும் வந்தது. மளிகைக் கடைக்கு முதல் முறை 1,000 ரூபாய், இரண்டாம் முறை 2,000, மூன்றாம் முறை 5,000. பிறகு 2020இல் கொரோனா வந்தது. சோதனையும் போயிற்று, பழக்கமும் போயிற்று. கல்லாவுக்குக் கீழே மறுபடியும் கவர் கட்டு ஏறிவிட்டது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் தொடங்கியது. 2022இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தை வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் மத்திய அரசும் நாடு முழுவதும் சில பொருட்களைத் தடை செய்தது. இத்தனைக்குப் பிறகும் கவர் நின்றபாடில்லை. காரணம் சட்டத்தில் இல்லை. "அண்ணாச்சி, ஒரு கவர்ல போட்டுக் குடுங்க" என்று ஒருவர் கேட்டால், இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம்.

இந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை எவ்வளவு? ஒரு கடையில் ஒரு நாளைக்கு 100 கவர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னதும் பெரிதுமாகச் சராசரி ஒரு ரூபாய் என்றால் நாளைக்கு 100 ரூபாய், மாதம் 3,000, வருடம் 36,000. மளிகையில் லாப விகிதம் என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 36,000 ரூபாய் லாபம் நிற்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்று அவரவர் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் செலவு பற்று வரவில் தனியாகத் தெரியாது, சில்லறைச் செலவோடு கலந்துவிடும். அதனால்தான் வலிப்பதில்லை.

அந்தப் பணத்தில் பாதியை வாடிக்கையாளருக்கே கொடுங்கள் என்கிறேன். பை கொண்டு வருபவருக்கு பில்லில் ஒரு ரூபாய் குறையுங்கள், அல்லது ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ பிள்ளைக்கு ஒரு மிட்டாயோ கொடுங்கள். பை இல்லாமல் வருபவரிடம் துணிப்பையை டெபாசிட்டாகக் கொடுங்கள். 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, பை திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் பை விற்ற கணக்கு. இது புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. கோலி சோடாவும் கலரும் விற்றவர்கள் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள், காலி பாட்டில் கிரேட்டில் திரும்பி வந்தது. இதே வழியைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரியில் மதுபாட்டிலுக்குச் சொன்னது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பினார்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. குடித்துவிட்டுக் காட்டில் வீசிய பாட்டிலே 10 ரூபாய்க்காகத் திரும்பி வரும் என்றால், குடும்பத்துக்கு மளிகை வாங்க வருபவரிடம் பை திரும்பி வராதா?

பையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் கவனப்படுத்த வேண்டும். துணி போலவே தோன்றும் 'நான் ஓவன்' பையில் கடைப் பெயரை அச்சடித்துப் பலர் பெருமையாகக் கொடுக்கிறார்கள். அது துணி அல்ல, பாலிபுரொபிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும். மொத்தமாக ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிட்டு அப்புறம் அதிகாரியிடம் வாதாடுவதில் பயனில்லை. துணிப்பை கொள்முதல் செய்யும்போது காடாத் துணி என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

பாத்திரத்தோடு வருபவரைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. எடை போடச் சிரமம் என்கிறோம். எலக்ட்ரானிக் தராசில் காலிப் பாத்திரத்தை வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு எண்ணெயோ மாவோ ஊற்றினால் நிகர எடை. இரண்டு விநாடி வேலை. வாடிக்கையாளர் கண் முன்னால் செய்தால் அவருக்கு நம்பிக்கையும் கூடும். ஸ்வீட் கடைகளில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து எடை போடுகிறார்கள் என்ற பழைய குறைக்கும் இது மருந்து.

மறுபடியும் பேப்பர் பொட்டலத்துக்குப் போய்விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பருப்பும் மிளகாயும் காகிதத்தில் மடித்துச் சணல் கட்டிக் கொடுத்த கை இன்னும் நம்மில் பலருக்கு மறக்கவில்லை. தாராளமாகப் போகலாம், ஆனால் செய்தித்தாள் வேண்டாம். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத பொருட்கள் இருப்பதால் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலும் 2023இலும் சொல்லியிருக்கிறது. அச்சடிக்காத பழுப்புக் காகிதம் வாங்குங்கள். வடை, போண்டாவுக்கு வாழை இலை இருக்கிறது, மந்தாரை இலை இருக்கிறது. பொங்கலுக்கும் சுண்டலுக்கும் தொன்னை இருக்கிறது.

பால் கவர் விற்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முனையை முழுதாகக் கத்தரித்து எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் துண்டைத் துப்புரவுப் பணியாளர் யாராலும் பொறுக்க முடியாது, அது நேரே சாக்கடைக்குப் போகும். கவரைக் கழுவிக் காய வைத்துச் சேர்த்தால் பழைய பொருள் கடையில் விலைக்கு எடுப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் முன்பு இதைச் செய்து சிறுவாடு சேர்த்தவர்கள்தாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாவலூர் இன்றைக்கு ஓ.எம்.ஆரில் ஒரு பெயர் பெற்ற இடம். ஏரியும் வயலும் இருந்த ஊரைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. சிறுசேரி சிப்காட்டில் வேலை செய்பவர்கள் இங்கே குடியேறியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் சுங்கச் சாவடி வசூலும் நின்றபின் போக்குவரத்து இன்னும் கூடிவிட்டது. வியாபாரம் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அடுக்குமாடி வாசலில் நின்று பார்த்தால் தெரியும். கைப்பேசியில் தட்டிய சில நிமிடங்களில் இருசக்கர வாகனத்தில் சரக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. கால் கிலோ தக்காளிக்கு ஒரு பை, ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு பை, இரண்டையும் போட ஒரு பெரிய பை. அந்த வீட்டு அம்மாவே, "சாமானைவிடப் பைதான் அதிகமா இருக்கு தம்பி" என்று சலித்துக்கொள்கிறார். விலையில் அவர்களோடு நம்மால் மோத முடியாது, தள்ளுபடிக்கு அவர்களிடம் முதலீட்டுப் பணம் இருக்கிறது. வேகத்திலும் சிரமம். ஆனால் குப்பையில்லாமல் சரக்குக் கொடுக்க நம்மால் முடியும். கடைப் பையன் பழைய அட்டைப் பெட்டியில் சாமானைக் கொண்டுபோய், அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்து வரலாம். இதைச் சொல்லி ஒரு குடியிருப்புச் சங்கத்தின் மாதாந்திர வாடிக்கையைப் பிடிக்கலாம். அங்கே குப்பையை அள்ளத் தனியாகப் பணம் கட்டுகிறார்கள், ஆகவே இந்தப் பேச்சு அவர்கள் காதில் ஏறும்.

குப்பை எங்கே போகிறது என்பதை நாம் தூரத்தில் தேட வேண்டாம். இதே சாலையில் வடக்கே போனால் பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் சென்னை மாநகராட்சி பல்லாண்டுகளாகக் கொட்டிய குப்பை மேடு, 2022 ஏப்ரல் 27 அன்று தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டுதான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் என்ற உலக அங்கீகாரமும் கிடைத்தது. நம் பகுதியில் அவ்வளவு பெரிய மேடு இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. காலி மனையிலும் ஏரிக்கரையிலும் சின்னச் சின்னதாகக் கொட்டி, இரவில் கொளுத்திவிடுகிறார்கள். அதில் நம் கடைப் பெயர் அச்சடித்த பையும் கிடக்கும். அழுகிய காய்கறியைக் கவரோடு கட்டி எறிந்தால் மாடு கவரோடு தின்கிறது. காய்கறிக் கடைக்காரர்கள் கழிவைத் தனிக் கூடையில் போட்டு வைத்தால் மாடு வைத்திருப்பவர் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 2012இல் சென்னையில் 2 மணி நேரமும் வெளியே அதைவிடக் கூடுதலாகவும் மின்வெட்டு இருந்தபோது நாம் பட்ட பாடு மறந்திருக்காது. ஐஸ்கிரீம் உருகியது, பால் திரிந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கைப்பணம் கரைந்தது. இப்போது வெட்டு இல்லை, ஆனால் பில் வெட்டுகிறது. 2016 மே மாதம் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தபோதும் கடைகள் அதில் சேரவில்லை. ஆகவே முதல் சிக்கனம் நம் கடையிலேயே தொடங்க வேண்டும். கூல் டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிஜ்தான் கடையில் பெரிய தீனிக்காரன். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகிக் கதவை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். நோட்டு சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர்ச்சி இரவு பகலாக வெளியே போகிறது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்புறம் காற்று போக இடம் விடுங்கள். டீப் ஃபிரீசரில் ஐஸ் கட்டிகட்டியாகப் பிடிக்க விடாதீர்கள். வெயில் படும் வாசலில் ஃபிரிஜ் வைத்தால் விற்பனை கூடும் என்கிறார்கள், பில்லும் கூடும்.

அடுத்தது, எலக்ட்ரிக்கல் கடை நண்பர்களுக்கு. நீங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அரசு விளம்பரம் நூறும் ஈடாகாது. மத்திய அரசு 2015 ஜனவரியில் எல்.இ.டி. பல்பை மலிவு விலையில் கொடுக்கத் தொடங்கியபின் 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய ஒழிந்தது. 9 வாட்டில் அதே வெளிச்சம் கிடைக்கிறது. இதைச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். மின்விசிறி விஷயம்தான் பலருக்குத் தெரியாது. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் ஓடும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு மின்விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று மின்விசிறி என்றால் ஏறத்தாழ 97 யூனிட்.

இந்த 97 யூனிட்டின் மதிப்பு வெறும் யூனிட் விலை அல்ல. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 என்ற கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டேன். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அந்த அட்டவணைப்படி 580 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,590 ரூபாய் வந்தது. மூன்று மின்விசிறியை மாற்றி 483க்கு இறக்கினால் 1,623 ரூபாய். வித்தியாசம் 967 ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. விலை கூடிய மின்விசிறியை விற்க இதைவிட நல்ல பேச்சு வேண்டுமா? ஒரு தாளில் இந்தக் கணக்கை இன்றைய கட்டணத்தில் போட்டு எழுதிக் கல்லாவில் ஒட்டி வையுங்கள், கட்டணம் மாறும்போது புதிய எண்ணைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவரிடம், வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அதில் சூடாகி வீணாகிறது என்று சொல்லுங்கள். ஏ.சி. வாங்க வருபவரிடம் 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓட விடச் சொல்லுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பே சொல்கிறது. ஸ்டார் முத்திரையை வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுங்கள், அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்றும் அச்சாகியிருக்கும்.

"குறைந்த மின்சாரம், குறைந்த குப்பை என்று நாம் சொல்லிக்கொடுத்தால் வாடிக்கையாளர் குறைவாக வாங்க மாட்டாரா?" என்று என்னிடம் ஒரு மொத்த வியாபாரி கேட்டார். குறைவாக வாங்கட்டும், நம்மிடமே வாங்கட்டும். மின்சாரத்தில் மிஞ்சிய 967 ரூபாய் அந்த வீட்டிலேயேதான் இருக்கும், அதில் ஒரு பகுதி நம் கல்லாவுக்கு வரும். மின்வாரியத்துக்குக் கட்டிய பணம் வராது.

இதையெல்லாம் ஒரு கடை மட்டும் செய்தால் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கவர் இல்லை என்று சொல்லி, எதிர்க் கடைக்காரர் கொடுத்தால் வியாபாரம் அங்கேதான் போகும். அதனால்தான் இதைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். வரும் மே 5 வணிகர் தினத்துக்கு முன், நாவலூரில் பிரதான சாலையின் இரு பக்கக் கடைகளும் ஒரே நாளில் கவரை நிறுத்துவது என்று கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டும். துணிப்பையைத் தனித்தனியாக வாங்காமல் சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். பையில் எந்தக் கடையின் பெயரும் வேண்டாம், சங்கத்தின் பெயர் போதும். அப்போதுதான் மளிகைக் கடையில் வாங்கிய பையைக் காய்கறிக் கடையில் திருப்பிக் கொடுத்து 10 ரூபாயைப் பெற முடியும். கடைகளுக்குள் பை கூடினாலும் குறைந்தாலும் மாதக் கடைசியில் பொருளாளர் எண்ணி நேர் செய்துவிடலாம். அழுக்கான பையைத் துவைக்கும் செலவு யாருடையது என்று ஒரு கேள்வி வரும். பையின் அடக்க விலை 10 ரூபாய்க்குள் முடியுமா என்று இன்னொரு கேள்வியும் வரும். இரண்டுக்கும் திருப்பூர், ஈரோட்டு விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. விலை கேட்டுக் கடிதம் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை கடைகள் சேருகின்றன என்ற எண்ணிக்கையை உறுப்பினர்கள் செயலாளரிடம் சொல்லிவிட்டால், எத்தனை பைக்கு விலை கேட்பது என்று தெரிந்துவிடும்.